இறங்கினார்களா, இறக்கினார்களா?

2023 மே 1, தொழிலாளர் தினம். மீஞ்சூரில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலையில், பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பேர் விஷவாயு தாக்கி இறந்தார்கள்.

இதை ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் 'டூ ஒர்க்கர்ஸ் டைட்' என்று எழுதுவார்கள். இலக்கணப்படி அதில் குற்றமில்லை. 'டை' என்ற வினையோடு ஒரு 'டி' சேர்த்தால் சிம்பிள் பாஸ்ட் டென்ஸ். ஆசிரியர் டிக் போட்டுவிடுவார். ஆனால் அந்த வாக்கியத்தைப் படிப்பவருக்கு, இரண்டு பேரும் நோய் வந்து செத்ததுபோல் இருக்கும். 'என்டர்டு தி டேங்க்' என்று எழுதினால் அவர்களாகவே விரும்பி உள்ளே போனார்கள் என்றாகிறது. 'வேர் சென்ட்' என்று எழுதினால் யாரோ அனுப்பியிருக்கிறார்கள், யார் என்று தெரியவில்லை. அனுப்பியவரை எழுவாய் இடத்தில் நிறுத்தி, அவர் இவர்களை 'சென்ட்' என்று எழுதினால்தான் நடந்த குற்றம் வாக்கியத்துக்குள் வருகிறது. நான்கும் சிம்பிள் பாஸ்ட்தான். நான்குக்கும் பள்ளியில் ஒரே மதிப்பெண். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அப்படியில்லை.

தமிழில் இந்த வித்தியாசம் ஓரெழுத்தில் இருக்கிறது. தொட்டியில் இறங்கினார்கள், தொட்டியில் இறக்கினார்கள். 'ங்' தன்வினை, 'க்' பிறவினை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் காதில் கேட்டதும் புரியும். ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த ஓரெழுத்து முழுச் சொல்லாக மாறவேண்டியிருக்கிறது: 'வென்ட் டவுன்' வேறு, 'சென்ட் டவுன்' வேறு. எதைப் போடுவது என்று முடிவு செய்பவர் மொழிபெயர்ப்பவர். அந்த இடத்தில் நம் ஆள் ஒருவர் உட்காரவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

சட்டத்தைப் பார்ப்போம். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆபத்தான துப்புரவுக்கு எவரையும் ஈடுபடுத்தவோ வேலைக்கு வைக்கவோ கூடாது என்கிறது. குற்றம் செத்ததில் இல்லை, ஈடுபடுத்தியதில் இருக்கிறது. அதனால் புகாரின் உயிர் 'என்கேஜ்டு' என்ற வினையில் இருக்கிறது. 'ஆபத்தான துப்புரவு' என்றால் என்ன என்பதையும் அதே சட்டம் சொல்கிறது: பாதுகாப்புக் கருவிகளைத் தரும் கடமையையும், பாதுகாப்பு நடைமுறைகளை உறுதி செய்யும் கடமையையும் வேலைக்கு வைப்பவர் நிறைவேற்றாமல், ஆளைக் கொண்டு செய்விக்கும் வேலை. ஆக இரண்டாவது வாக்கியம் 'டிட் நாட் கிவ்'. முகமூடி தரவில்லை, கயிறு தரவில்லை, எந்திரம் கொண்டுவரவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, நம் பகுதியில் ஒரு குடும்பத்துக்குச் செய்யக்கூடிய உதவி சாதாரணமானதல்ல. கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தரவேண்டும் என்று 2014-இலும், அதை முப்பது லட்சமாக்கி 2023 அக்டோபரிலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தத் தொகை தானாக வீடு தேடி வருவதில்லை. காகிதம் போகவேண்டும்.

புகாரைத் தமிழிலேயே எழுதலாமே, ஆங்கிலம் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மீஞ்சூர் காவல் நிலையத்தில் தமிழிலேயே எழுதுங்கள், அதுதான் சரி. ஆனால் வழக்கு அங்கேயே நிற்பதில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 348-ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. டெல்லியில் இருக்கும் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் மனு போட்டால் அங்கே படிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை, நம் பிள்ளைகள் கான்ட்ராக்டில் வேலைக்குப் போகும் இடங்களில் விபத்து அறிக்கையும் மெமோவும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. எங்கோ ஓரிடத்தில் நம் 'இறக்கினார்கள்' ஆங்கிலமாகத்தான் போகிறது. அப்போது அது 'என்டர்டு' ஆகாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

தலித் சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத் 2010-இல் உத்தரப் பிரதேசத்தின் பங்கா என்ற ஊரில் ஆங்கிலத் தேவிக்கே கோயில் கட்டக் கிளம்பினார். அவருடைய கோபம் நமக்குப் புரிகிறது; சாமி கும்பிடுவதில் நமக்கு உடன்பாடில்லை. ஆங்கிலம் வந்தால் சாதி போய்விடும் என்பதும் கதை. கரண்டியும் மண்வெட்டியும்போல ஒரு கருவி, அவ்வளவே. கருவி என்றால் பிடிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

பள்ளியில் எப்படிப் பிடிக்கச் சொல்லித் தருகிறார்கள்? மூன்று பத்தி கொண்ட ஓர் அட்டவணை. கோ, வென்ட், கான். சீ, சா, சீன். மனப்பாடம் செய், நாளை ஒப்பி. பயிற்சி வாக்கியம் எப்போதும் 'ஐ வென்ட் டு தி மார்க்கெட்', 'ராமா கில்ட் ராவணா'. (ராவணனைக் கொன்றது யார் என்பதில் மட்டும் ஆங்கிலப் பாடநூலுக்குச் சந்தேகமே வந்ததில்லை; அங்கே எழுவாய் எப்போதும் தெளிவாக இருக்கிறது.) ஆறு வருடம் இந்த அட்டவணையை ஒப்பித்த பிள்ளைக்கு, நேற்று தெருவில் நடந்ததை ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுது என்றால் கை நடுங்குகிறது. கூச்சத்துக்குக் காரணம் பிள்ளையின் மூளை இல்லை. பிள்ளையின் வாழ்க்கையில் நடந்த எந்த வினைச்சொல்லும் அந்த அட்டவணையில் இல்லை.

நாம் அட்டவணையைத் திருப்பிப் போடுவோம். மனுவில் வரும் வினைகளிலிருந்து தொடங்குவோம்.

மிரட்டினார்: 'திரெட்டன்ட்'. இங்கே ஈ-டி நேராகச் சேர்கிறது. தடுத்தார்: 'ஸ்டாப்ட்'. இங்கே பி இரட்டிக்கவேண்டும். மறுத்தார்: 'ரெஃப்யூஸ்ட்'. ஏற்கெனவே ஈ இருப்பதால் டி மட்டும் போதும். உரிமையை மறுத்தார்: 'டினைட்'. இங்கே ஒய் போய் ஐ-ஈ-டி வருகிறது. கூலி கொடுத்தார்: 'பெய்ட்'. பி-ஏ-ஐ-டி, பி-ஏ-ஒய்-ஈ-டி என்று எழுதிவிடாதீர்கள். இந்த ஐந்து சொல்லில் எழுத்துக்கூட்டல் விதிகளில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

இனி ஒரு விசித்திரம். கட், ஹிட், ஹர்ட், ஷட், பீட். வெட்டினான், அடித்தான், காயப்படுத்தினான், கதவடைத்தான், உதைத்தான். அடிதடிச் சொற்கள் பல ஆங்கிலத்தில் காலத்துக்குக் காலம் மாறுவதே இல்லை. 'தே ஹிட் அஸ்' என்றால் அடிக்கிறார்கள் என்றும் படிக்கலாம், அடித்தார்கள் என்றும் படிக்கலாம். ஒருமையில் மட்டும் தெரிந்துவிடும்: 'ஹி ஹிட்ஸ்' என்று எஸ் வந்தால் வழக்கமாக அடிக்கிறான், எஸ் இல்லாமல் 'ஹி ஹிட்' என்றால் அடித்தான். பன்மையில் அந்தக் குறியும் கிடையாது. சாதிக் கும்பல் வந்து அடிக்கும்போது எழுவாய் எப்போதும் பன்மைதான். எனவே இந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் தேதியும் நேரமும் கட்டாயம் வேண்டும். காலத்தைச் சொல்ல வினையால் முடியாதபோது தேதி சொல்லும்.

இல்லை என்பதைச் சொல்லும் இடத்தில்தான் நம் பிள்ளைகள் அதிகம் வழுக்குகிறார்கள். 'டிட் நாட் கேவ்', 'டிட் நாட் பெய்ட்' என்று எழுதுகிறார்கள். கடந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிட்டது. பின்னால் வரும் வினை சுமையில்லாமல் 'கிவ்', 'பே' என்றே நிற்கவேண்டும். கேள்விக்கும் இதே கணக்கு. 'ஹூ' எழுவாயாக வந்தால் மட்டும் 'டிட்' தேவையில்லை: 'ஹூ சென்ட் தெம்?' யார் அனுப்பினார்கள்? ஆங்கில இலக்கணம் குறுக்கே எதையும் வைக்காமல் கேட்கவிடும் கேள்வி அது.

'வாஸ்', 'வேர்' இரண்டையும் சின்னச் சொற்கள் என்று அலட்சியம் செய்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில், சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதைக் குறிக்கும் உட்பிரிவுகள் 'பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' நடந்திருக்கவேண்டும் என்று கேட்கின்றன. நான்கு சுவருக்குள், வேறு யாரும் இல்லாதபோது பேசியது அதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் சொன்னது. எனவே 'அங்கே இன்னார் இன்னார் இருந்தார்கள்' என்ற 'வேர் பிரசென்ட்' வாக்கியம் இல்லாத புகார், மற்றதெல்லாம் இருந்தும் நொண்டும். திட்டிய சொல்லை எழுதும்போது 'ஹி செட்' போட்டு, அவர் சொன்ன தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே அப்படியே எழுதுங்கள். 'அப்யூஸ்ட் இன் பேட் லாங்வேஜ்' என்று நாகரிகமாக மொழிபெயர்த்தால் சாதிப் பெயர் காணாமல் போகும். அதோடு வழக்கும் போகும்.

இன்னொரு நோய் நம் ஊர் ஆங்கிலத்தில் உண்டு: எதற்கெடுத்தாலும் 'ஹேட்'. நேற்று வந்தார் என்பதற்கு 'ஹேட் கம் எஸ்டர்டே' என்று எழுதினால் பெரிய ஆங்கிலம்போல் ஒலிக்கிறது என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். 'ஹேட்' என்பது நடந்துபோன இரண்டில் முந்தியதைக் காட்டும் குறி. எல்லா வாக்கியத்திலும் அதைப் போட்டால் எது முன்னால், எது பின்னால் என்பதே குழம்பும். கம்பி எடுத்தது முதலா, வாய்ச்சண்டை முதலா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கேதான் கூண்டில் வைத்துக் குடைவார். நடந்த வரிசையில், ஒவ்வொரு வாக்கியத்தையும் சிம்பிள் பாஸ்ட்டில் வையுங்கள். வந்தார். கேட்டார். அடித்தார். போனார். போதும்.

இப்படி எழுதினால் குழந்தைத்தனமாக இருக்காதா என்று தயங்குபவர்கள், அண்ணல் அம்பேத்கர் 1930-களில் எழுதிய 'வெயிட்டிங் ஃபார் எ விசா' நினைவுக் குறிப்புகளை ஆங்கிலத்திலேயே படியுங்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் முனைவர் பட்டம் பெற்றவர், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் கடந்தகால வாக்கியங்களில் எழுதியிருக்கிறார். 1901-இல் சிறுவர்கள் ரயிலிலிருந்து இறங்குகிறார்கள், ஸ்டேஷன் மாஸ்டர் சாதியைக் கேட்கிறார், வண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள், இரட்டை வாடகை பேசியபிறகு ஒருவர் ஒப்புக்கொள்கிறார், அப்போதும் வண்டியைச் சிறுவர்களே ஓட்டவேண்டும், அவர் கூட நடந்து வருவார். ஒவ்வொன்றிலும் செய்தது யார் என்று இருக்கிறது. தீண்டாமை 'நிகழ்ந்தது' என்று பொதுவாகச் சொல்லி அவர் நகர்ந்துவிடவில்லை.

தமிழ்க் கடந்தகாலத்தில் இல்லாத ஒரு நன்மை ஆங்கிலக் கடந்தகாலத்தில் உண்டு, அதையும் சொல்லிவிடவேண்டும். தமிழ் வினையின் வாலில் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வந்தான், வந்தார். ஊர்த்தெருப் பையன் சேரியிலிருந்து வந்த அறுபது வயதுப் பெரியவரை 'வந்தான், போனான்' என்று பேசுவதை நம் தலைமுறையும் கேட்டே வளர்ந்தது. சாதி அங்கே பெயர்ச்சொல்லில்கூட இல்லை, வினையின் விகுதியில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'கேம்' என்றால் கலெக்டரும் 'கேம்', தூய்மைப் பணியாளரும் 'கேம்'. நான், நீ, அவர் என எல்லோருக்கும் ஒரே வடிவம். ஆங்கிலம் சமத்துவ மொழி என்று இதை வைத்துப் பாட்டுப் பாடவேண்டாம். அவர்களுக்கு அவர்களுடைய ஏணிகள் உண்டு. ஆனால் அந்த ஆங்கிலம் தமிழுக்குத் திரும்பும்போது நம் பெரியவர் மறுபடியும் 'சென்றான்' ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விகுதி இல்லாததால் ஒரு சிக்கலும் உண்டு. தமிழில் 'அடித்தார்கள்' என்று மட்டும் சொன்னாலும் பலர் சேர்ந்து அடித்தார்கள் என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியமே நிற்காது. செய்தவர் யார் என்று எழுதியே ஆகவேண்டும். அதிலிருந்து தப்பிக்க ஆங்கிலம் வைத்திருக்கும் கொல்லைப்புறக் கதவுதான் செயப்பாட்டுவினை. அரசாங்கங்களுக்கு அந்தக் கதவு மிகவும் பிடிக்கும். 2021 ஜூலையில் ஒன்றிய அமைச்சர் ராம்தாஸ் அத்வாலே, கையால் மலம் அள்ளுவதால் எந்த மரணமும் பதிவாகவில்லை என்று மாநிலங்களவையில் எழுத்து மூலம் பதில் சொன்னார். யார் பதிவு செய்யவில்லை? அந்த வாக்கியத்தில் அதற்கு இடமே இல்லை.

வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 'கலக்கப்பட்டது' என்ற செயப்பாட்டுவினையிலேயே அந்த வழக்கு இரண்டு வருடம் நின்றது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தபோது, காலியாக இருந்த எழுவாய் இடத்தில் அதே ஊரின் தலித் இளைஞர்கள் மூவரை நிறுத்தியது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை கேட்டார்கள். எழுவாய் இடத்தை நாம் காலியாக விட்டால், அது காலியாகவே இருக்காது.

அதனால் புகாரில் பெயர் தெரிந்தால் பெயர். தெரியாவிட்டால் ஆள் அடையாளம், வண்டி எண், பதவி. 'தி சூப்பர்வைசர் ஆஃப் தி கான்ட்ராக்டர்' என்பதுகூட எழுவாய்தான். 'ஐ வாஸ் பீட்டன்' என்று தொடங்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. கான்ட்ராக்ட் வேலையிலிருந்து நிறுத்தும்போது ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டுவார்கள். 'ரிசைன்டு', நானே விலகினேன். 'ரிசீவ்டு', எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன். ஃபுல் அண்ட் ஃபைனல் என்று அதற்குப் பெயர். பணம் இன்னும் கைக்கு வரவில்லை, பிஎஃப் கணக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது, வினை மட்டும் கடந்தகாலத்துக்குப் போய்விட்டது. நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதிக் கையெழுத்து வாங்க சிம்பிள் பாஸ்ட்டைவிட வசதியான கருவி இல்லை. அங்கே 'ரிசீவ்டு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உண்மையில் வாங்கிய தொகையையும் தேதியையும் உங்கள் கையால் எழுதுங்கள். எழுதவிடவில்லை என்றால் தாளைப் படம் பிடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுத்தில் எடுத்தால், கையெழுத்து வாங்கும் முன் அதைப் படித்துக் காட்டுவது அதிகாரியின் கடமை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. படிக்கும்போது வினைகளைக் கவனியுங்கள். இறக்கினார் என்று சொன்னது இறங்கினார் என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் கடந்தகாலத்தில் போடவும் கூடாது. 'சாதியெல்லாம் அந்தக் காலத்தில் இருந்தது' என்று நம் எதிரில் உட்கார்ந்து சொல்பவருக்கு ஆங்கிலத்தில் மிகவும் பிடித்த சொல் 'யூஸ்டு டு'. முன்பு வழக்கமாக இருந்தது, இப்போது இல்லை என்று பொருள். சுடுகாட்டுப் பாதைத் தகராறையும் இரட்டைக் குவளையையும் நம் பிள்ளைகளே கட்டுரையில் 'யூஸ்டு டு' போட்டு எழுதுவதைப் பார்க்கிறோம். அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவை ஆங்கிலத்தில் எடுத்துப் பாருங்கள். தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று தமிழில் நாம் சொல்லும் இடத்தில், மூலத்தில் 'வாஸ்' இல்லை, 'இஸ்' இருக்கிறது. 1948 நவம்பர் 29-இல் அரசியல் நிர்ணய சபை ஏற்ற வாசகம் அது. அதைக் கடைப்பிடிப்பது குற்றம் என்பதும் இன்றைக்கும் நாளைக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே மனுவை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் சம்பவம்: இந்தத் தேதி, இந்த மணி, இன்னார் வந்தார், இதைச் சொன்னார், இதைச் செய்தார், இதைத் தரவில்லை, இவர்கள் அங்கே இருந்தார்கள். அத்தனையும் சிம்பிள் பாஸ்ட். இரண்டாம் பத்தியில் வழக்கம்: அந்தப் பாதையில் விடுவதில்லை, அந்தக் கடையில் தனிக் குவளை வைக்கிறார்கள், கூலியைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். இது நிகழ்காலம், 'தே டூ நாட் அலவ் அஸ்'. அதற்குக் கீழே தேதி, கையெழுத்து. மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எஃப்ஐஆர் போட்டால் அதன் நகலைக் காசில்லாமல் தரவேண்டும், கேட்டு வாங்குங்கள்.